பயாப்ஸி ஸ்லைடை இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டும் சேவை: கொடுத்த காசுக்குத் தகுமா?

கொலனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எடுத்த பாலிப்பின், அதாவது குடல் சுவரில் முளைத்த சதையின், ரிப்போர்ட்டில் "கேன்சர் இல்லை என்று ஒதுக்க இயலவில்லை" என்கிற மாதிரி ஒரு வரி வந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் பேத்தாலஜி துறை (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் துறை), வெளி லேபில் தயாரித்த ஸ்லைடுகளை வாங்கி மறுபடி பார்த்துச் சொல்கிறது. அப்பாவுக்காக அங்கே போனோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பாவின் வைத்தியத்துக்கு நாங்கள் செய்த செலவிலேயே உருப்படியான செலவு இதுதான். குறைகளும் இருக்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எந்த மருத்துவமனை, எந்த லேப் என்ற பெயர்கள் வேண்டாம். இந்த வேலையைச் செய்யும் இடங்கள் நாட்டில் பல இருக்கின்றன, மும்பை டாடா மெமோரியல் போன்ற பெரிய புற்றுநோய் மையங்களும் வெளி ஸ்லைடுகளை வாங்கிப் பார்க்கின்றன. எங்கே போனாலும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

அப்பாவுக்கு வயது 64. மலத்தில் ரத்தம் வந்ததால் திருச்சியில் கொலனோஸ்கோப்பி செய்தோம். சிக்மாய்டு பகுதியில், அதாவது மலக்குடலுக்குச் சற்று மேலே, காம்போடு 2 சென்டிமீட்டர் அளவில் ஒரு பாலிப். கேஸ்ட்ரோ டாக்டர் அன்றைக்கே கம்பி வளையத்தைக் காம்பில் மாட்டி, துண்டு துண்டாக்காமல் முழுசாக எடுத்துவிட்டார். அவர் அப்படி எடுத்தது பின்னால் எவ்வளவு உதவியது என்று போகப்போகத் தெரிந்தது. லேப் ரிப்போர்ட்டில் இருந்த விஷயம் இது: டியூபுலோவில்லஸ் அடினோமா (பின்னால் கேன்சராக மாறக்கூடிய ஒரு வகைப் பாலிப்), ஹை கிரேடு டிஸ்பிளேசியா (செல்கள் மிகவும் தாறுமாறாக மாறிய நிலை), சப்மியூக்கோசாவில் சில சுரப்பிகள் தெரிகின்றன, ஊடுருவும் கார்சினோமாவை, அதாவது கேன்சரை, ஒதுக்க இயலவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜனைப் பார்த்தால், குடலில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து இணைத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்றார். அந்த ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாருமே விளக்கவில்லை. லேபில் இருந்து ஒரு போன்கூட இல்லை. அதனால் எனக்குப் புரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரியாமல் இந்தச் சேவைக்குப் போனால் பாதிப் பலன் வீண்.

குடல் சுவரின் உள்பக்கம் இருப்பது மியூக்கோசா என்கிற சளிச்சவ்வு. அதன் அடிப்பாகத்தில் மிக மெல்லிய ஒரு தசைப்படலம் ஓடுகிறது, பெயர் மஸ்குலாரிஸ் மியூக்கோசே. அதற்குக் கீழே சப்மியூக்கோசா. பரவுவதற்கு வழியாக இருக்கும் நிணநீர்க் குழாய்கள் தாராளமாக ஓடுவது இந்தக் கீழ் அடுக்கில்தான். பெருங்குடலைப் பொறுத்தவரை, செல்கள் எவ்வளவு தாறுமாறாக மாறியிருந்தாலும், அந்தத் தசைப்படலத்தைத் தாண்டிக் கீழே ஊடுருவாத வரைக்கும் அதைப் பரவக்கூடிய கேன்சராகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹை கிரேடு டிஸ்பிளேசியா என்று எழுதி நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே பேத்தாலஜிஸ்ட் விடை தேடும் கேள்வி ஒன்றுதான்: அந்தச் சுரப்பிகள் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா, கீழே இருந்தால் அவை ஊடுருவிப் போனவையா, தள்ளப்பட்டுப் போனவையா?

கோடுதானே, பார்த்தால் தெரியாதா என்று நானும் கேட்டேன். தெரியாமல் போவதற்குக் காரணங்கள் நிறைய. எடுத்த பாலிப்பை ஃபார்மலினில் போட்டு, பிறகு மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். வாழைத்தண்டை நேராக நறுக்கினால் வட்டமும் வளையமும் ஒழுங்காக வரும், சாய்வாக நறுக்கினால் எல்லாம் நீண்டு கோணிக்கொண்டு தெரியும். பாலிப்பும் மெழுகில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் மேலே இருக்கும் சுரப்பி கீழே இருப்பது போலத் தெரியலாம். மின்சாரம் பாய்ச்சி வெட்டும்போது ஓரம் கருகியிருந்தால் அந்த இடத்தில் எதையும் நம்பிச் சொல்ல முடியாது. துண்டு துண்டாக எடுத்த பாலிப் என்றால் எது மேல், எது கீழ், எது ஓரம் என்பதே சிக்கல். ஆக, "சொல்ல இயலவில்லை" என்பது பல நேரங்களில் கட்டியின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு கிடையாது, அந்த ஸ்லைடில் இவ்வளவுதான் தெரிகிறது என்ற நேர்மையான வாக்குமூலம். அப்படி எழுதிய பேத்தாலஜிஸ்ட் மேல் எனக்குக் கோபமே இல்லை, தெரியாததைத் தெரிந்ததாக எழுதியிருந்தால்தான் ஆபத்து.

சரி, சேவைக்கு வருகிறேன். முதல் வேலை பழைய லேபில் இருந்து ஸ்லைடையும் பிளாக்கையும் (பாலிப்பைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி) வாங்குவது. இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். "எதுக்கு சார் பிளாக்? ஸ்லைடு மட்டும் கொண்டுபோங்க, போதும்" என்றார்கள். போதாது. ஸ்லைடு மட்டும் கொடுத்தால், புது டாக்டரும் பழைய டாக்டர் பார்த்த அதே சீவலைத்தான் பார்ப்பார். பிளாக் இருந்தால்தான் இன்னும் ஆழத்தில் சீவிப் பார்க்கவும், வேறு சாயங்கள் ஏற்றவும் முடியும். கடிதம் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். ஸ்லைடுகளைச் செய்தித்தாளில் சுற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தது எரிச்சலாக இருந்தது, கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு? ஸ்லைடு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

பிளாக் என்பது சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதன் ஒரு பக்கம் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் வெளிறிய பழுப்பில் ஒரு சின்னத் திட்டு. அந்தத் திட்டுதான் அப்பாவின் பாலிப். சட்டத்தின் சரிவான பக்கத்தில் ஒரு எண் எழுதியிருக்கும், அது ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்டரிலேயே நின்று சரிபாருங்கள். எங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிளாக்குகள் இருந்தன, எல்லாவற்றையும் கேட்டு வாங்கினோம். கோடையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அது மெழுகு.

சென்னையில் கவுன்டரில் கேட்டது இவை: ஸ்லைடு, பிளாக், பழைய ரிப்போர்ட், கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட். கொலனோஸ்கோப்பி போட்டோக்களையும் நானே சேர்த்துக் கொடுத்தேன். பாலிப் எந்த இடத்தில் இருந்தது, காம்பு இருந்ததா, தட்டையாகப் படர்ந்திருந்ததா, முழுசாக வந்ததா என்ற விவரமெல்லாம் மைக்ரோஸ்கோப்புக்கு வெளியே இருக்கிறது, ஆனால் அது தெரியாமல் மைக்ரோஸ்கோப்பில் தெரிவதற்கு அர்த்தம் சொல்வது கஷ்டம் என்று பிறகு டாக்டரே சொன்னார்.

இந்தச் சேவையின் உச்சம் என்று நான் சொல்வது டாக்டரை நேரில் பார்த்ததைத்தான். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லாமல், குடல் சம்பந்தப்பட்ட ஸ்லைடுகளையே பெரும்பாலும் பார்க்கும் மூத்த டாக்டர் ஒருவர், நான் விளக்கம் கேட்டதும் உள்ளே கூப்பிட்டார். "வாங்க தம்பி, உக்காருங்க, நீங்களே பாருங்க" என்று இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்க வைத்தார். உள்ளே ஒரு பச்சை அம்புக்குறி ஓடுகிறது, அவர் அதை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். மேலே கருநீலத்தில் நெருக்கி அடுக்கிய சுரப்பிகள், அதுதான் அடினோமா. ஓரிடத்தில் செல்களின் உட்கரு எல்லாம் பெருத்து, வரிசை குலைந்து கிடந்தது, அது ஹை கிரேடு. இளஞ்சிவப்பில் இழையாக ஓடிய தசைப்படலத்தைக் காட்டினார். அது ஓர் இடத்தில் பிரிந்து விலகியிருந்தது, அதன் வழியாகக் கீழே சில சுரப்பிகள் போயிருந்தன. திருச்சி லேப் பார்த்துத் திகைத்தது இந்தச் சுரப்பிகளைத்தான்.

"இந்தப் பழுப்புப் பொடி தெரியுதா? பழைய ரத்தம் தங்கின கறை. அப்புறம் இந்தச் சுரப்பியைச் சுத்திப் பாருங்க, மேல இருந்த அதோட சொந்தத் திசுவும் கூடவே இறங்கியிருக்கு. கேன்சர் ஊடுருவும்போது இதைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகாது" என்றார். காம்புள்ள பெரிய பாலிப் சிக்மாய்டில் இருந்தால், அந்தப் பகுதி வலுவாகச் சுருங்கிச் சுருங்கி மலத்தைத் தள்ளும்போது பாலிப் இழுபட்டு, காம்பு முறுக்கி, உள்ளே ரத்தம் கசிந்து, சுரப்பிகள் தசைப்படலத்தின் இடைவெளி வழியாகக் கீழே பிதுங்கிவிடுமாம். ஊடுருவல் போலவே தோன்றும், ஆனால் ஊடுருவல் கிடையாது. பொய் ஊடுருவல் என்றே இதற்குப் பெயர். உண்மையான ஊடுருவல் என்றால் சுரப்பிகள் கோணல்மாணலாகக் கூராகி, சுற்றிலும் இறுகிய நார்த்திசு உண்டாகியிருக்கும். இங்கே ஓரங்கள் உருண்டையாக, சாதுவாக இருந்தன.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லி, தசையை மட்டும் எடுத்துக்காட்டும் டெஸ்மின் என்ற சாயத்தையும் போட்டுப் பார்த்தார்கள். இறுதி ரிப்போர்ட்: ஹை கிரேடு டிஸ்பிளேசியாவோடு கூடிய டியூபுலோவில்லஸ் அடினோமா, சுரப்பிகள் இடம்பெயர்ந்திருக்கின்றன, ஊடுருவும் கார்சினோமா இல்லை, காம்பின் வெட்டு ஓரம் சுத்தம். அதைக் கொண்டுபோய்த் திருச்சி சர்ஜனிடம் காட்டியபோது, அவர் முழுசாகப் படித்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று உடனே ஒத்துக்கொண்டார். அப்பா "அப்ப வெட்ட வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

இதைப் படித்துவிட்டு, இன்னொருவரிடம் காட்டினால் நல்ல சேதிதான் வரும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாதாரண அடினோமா என்று முதலில் எழுதிய ஸ்லைடில் மறுபார்வையில் உண்மையான ஊடுருவல் தெரியவரலாம். அப்படி வந்தாலும் எடுத்தவுடனே ஆபரேஷன் என்றும் கிடையாது. ஓரத்தில் இருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, செல்கள் எவ்வளவு மோசமான தரம், ரத்த நிணநீர்க் குழாய்களுக்குள் புகுந்திருக்கிறதா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு. சப்மியூக்கோசா வரை மட்டும் போன கேன்சரில் மொத்தமாகப் பார்த்தால் சுமார் 10 சதவீதம் பேருக்கு நிணநீர்க் கணுவில் பரவியிருக்கும் என்கிறார்கள், இந்த ஆபத்துக் குறிகள் எதுவும் இல்லாதவர்களுக்கு அது இன்னும் வெகு குறைவு. எனவே மறுபார்வை ரிப்போர்ட்டில் இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். "கேன்சர் உண்டு" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

நிபுணர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு சகஜம். ஒரே ஸ்லைடை ஜப்பானிய பேத்தாலஜிஸ்ட்டுகள் கேன்சர் என்றும் மேலை நாட்டுக்காரர்கள் டிஸ்பிளேசியா என்றும் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. அதைச் சரிக்கட்டத்தான் 1998-ல் வியன்னாவில் கூடி ஒரு பொது வகைப்பாட்டை உருவாக்கினார்கள், 2000-ல் வெளியானது. அதன் ஐந்து வகைகளில் இரண்டாவதே "நிச்சயமில்லை" என்பதுதான். இங்கிலாந்தில் 2006-ல் தொடங்கிய குடல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் அப்பாவுக்கு வந்த மாதிரியான சிக்மாய்டு பாலிப்புகள் இவ்வளவு தலைவலி கொடுத்ததால், அவற்றைப் பார்ப்பதற்கென்றே மூன்று நிபுணர்கள் கொண்ட குழுவை வைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, திருச்சி லேப் தடுமாறியது எனக்கு அதிசயமாகப் படவில்லை. நம் ஊரிலும் அப்படி ஒரு குழு இருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு நிம்மதி என்ற ஏக்கம்தான் வந்தது.

இந்தச் சேவை எல்லோருக்கும் பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய தட்டையான பாலிப்பில் கிள்ளி எடுத்த சின்னத் துணுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், அதில் கீழ் அடுக்கே வந்திருக்காது. எத்தனை பேர் பார்த்தாலும் "குறைந்தபட்சம் ஹை கிரேடு டிஸ்பிளேசியா" என்பதற்கு மேல் எழுத முடியாது. அங்கே செய்ய வேண்டியது, எண்டோஸ்கோப்பி வழியாகவே அதை முழுசாக எடுக்கக்கூடிய அனுபவசாலியிடம் போவது. திரும்பத் திரும்பக் கிள்ளினால் அடியில் தழும்பேறி, பிறகு தூக்கி எடுப்பது கஷ்டமாகிவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் நாள்பட்ட வீக்கமும் புண்ணும்) உள்ளவர்களுக்கு வரும் "டிஸ்பிளேசியாவா என்று நிச்சயமில்லை" என்ற ரிப்போர்ட்டும் வேறு கதை. வீக்கம் இருக்கும்போது ஆறிவரும் செல்களே பயங்கரமாகத் தெரியும் என்பதால், முதலில் வீக்கத்தை அடக்கிவிட்டு சில மாதங்களில் மறுபடி பயாப்ஸி எடுப்பார்கள். ஆனால் அங்கேயும் குடல் பேத்தாலஜிஸ்ட் ஒருவர் பார்த்து உறுதி செய்வது நல்லது.

குறைகளுக்கு வருகிறேன். கவுன்டரில் இருந்தவர்களுக்குச் சேவையைப் பற்றியே தெளிவில்லை, ஒருவர் பிளாக் தேவையில்லை என்றார், இன்னொருவர் பிளாக் இல்லாமல் வாங்கமாட்டோம் என்றார். கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்தது, ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனால் டெஸ்மின் சாயத்துக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை, பில் வந்த பிறகுதான் தெரிந்தது. ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டால் போனில் ஒருவரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. ஆபரேஷன் தேதி குறித்துவிட்டுக் காத்திருக்கும் வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பக்கூடாதா? ரிப்போர்ட்டும் முழுக்க ஆங்கில மருத்துவச் சொற்களில்தான் இருக்கிறது. டாக்டர் நேரில் விளக்கியதால் பிழைத்தோம். விளக்கம் கேட்டால் கிடைக்கும் என்று எங்கும் எழுதிப்போடவில்லை, கேட்காதவர்கள் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அந்த டாக்டர் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் கிடைத்த தெளிவு எத்தனையோ இரவுகளின் தூக்கத்துக்குச் சமம், அது கேட்டவனுக்கு மட்டும் கிடைப்பது நியாயமில்லை.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரி இரண்டுங்கெட்டான் ரிப்போர்ட்டுகளுக்கு மருத்துவக் குறியீட்டில் தனி எண்ணே உண்டு, ஐசிடி 10-ல் டி37.4, அதாவது குணம் நிச்சயமில்லாத குடல் கட்டி. சாதாரண பாலிப்புக்கும் கேன்சருக்கும் எண்கள் வேறு. கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி (குறிப்பிட்ட பெரிய நோய் வந்தால் மொத்தத் தொகை தரும் பாலிசி) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த கேன்சர் வரையறையில், ஊடுருவாதவை, கேன்சருக்கு முந்தைய நிலையில் இருப்பவை, குணம் தெரியாதவை என்று எழுதப்பட்ட கட்டிகள் எல்லாம் சேராது. எனவே ரிப்போர்ட்டின் சொல்லில் கிளெய்ம் நிற்கிறது. சாதாரண மெடிக்கல் பாலிசியில் ஆஸ்பத்திரிச் செலவு வாங்குவது வேறு விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், மறுபார்வையில் முடிவு மாறினால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது அப்பாவின் கணக்கு இதுதான். அமெரிக்கச் சங்கங்களின் 2020 வழிகாட்டுதலில், 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அடினோமாவோ ஹை கிரேடு டிஸ்பிளேசியாவோ இருந்து முழுசாக எடுக்கப்பட்டிருந்தால் அடுத்த கொலனோஸ்கோப்பி 3 வருடத்தில். எங்கள் கேஸ்ட்ரோ டாக்டர், இவ்வளவு குழப்பம் நடந்ததால் அதற்கு முன்பே ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துவிடலாம் என்கிறார், அப்பாவும் சரி என்றுவிட்டார். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த மாதிரி முற்றிய அடினோமா இருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பதால் எனக்கும் அக்காவுக்கும் சேர்த்தே தேதி வாங்கியிருக்கிறோம். பிளாக்குகளைப் பழைய லேபில் திரும்பக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். நாளைக்கு வேறு பரிசோதனை தேவைப்பட்டால் அதே மெழுகில் இருந்துதான் சீவ வேண்டும், அதனால் வீட்டு அலமாரியில் வைத்துத் தொலைத்துவிடாதீர்கள், ரசீதையும் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். டாக்டருக்கு மட்டும் தனியாகப் போடலாம் என்றால் ஐந்து.